ஆங்கரேஜில் இறங்காத சரக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உலகில் அதிகச் சரக்கு கையாளும் விமான நிலையங்களின் பட்டியலில் ஹாங்காங், மெம்ஃபிஸ், ஷாங்காய் இவற்றுக்குப் பக்கத்திலேயே அலாஸ்காவின் ஆங்கரேஜும் வருகிறதே, மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஊருக்கு அவ்வளவு சரக்கு எதற்கு?

ஊருக்காக வருவது அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வந்த வேகத்தில் கிளம்பிப் போய்விடுகிறது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். சாதாரண வருடங்களில் ஆங்கரேஜுக்கு வந்து போகும் பயணிகள் 50 லட்சத்தை ஒட்டி இருப்பார்கள். சரக்கு 2019 இல் சுமார் 27 லட்சம் டன். 2020 இல் கொரோனா வந்து பயணிகள் எண்ணிக்கை சரிந்து விழுந்தது. சரக்கோ ஏறியது, 2021 இல் 35 லட்சம் டன்னைத் தாண்டியது. உலகின் விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போகும். அந்த விமானங்கள் தரையில் நின்றுவிட, அதெல்லாம் சரக்கு விமானங்களின் தலையில் விழுந்தது. அந்தச் சரக்கு விமானங்கள் ஆசியாவிலிருந்து அமெரிக்கா போகும் வழியில் நிற்கும் இடம் ஆங்கரேஜ்.

ஏன் அங்கே? சுவரில் மாட்டும் வரைபடத்தில் அலாஸ்கா ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். உலக உருண்டையில் ஹாங்காங்குக்கும் சிகாகோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே வளைந்து ஏறும். நேர்வழி சுமார் 12,500 கிலோமீட்டர். ஆங்கரேஜில் இறங்கிப் போனால் 8,100, அப்புறம் 4,600. கூட்டினால் 200 கிலோமீட்டர்தான் அதிகம். வழியிலேயே இருக்கும் ஊர் அது.

சரி, வழியில் இருந்தால் நிற்க வேண்டுமா? இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்தது.

விமானத்துக்கு எரிபொருள் என்பது சுமையும்கூட. நீண்ட தூரம் பறக்கும் பெரிய ஜெட் விமானம், தன் மேல் ஏற்றிய ஒவ்வொரு கூடுதல் டன்னையும் காற்றில் தாங்கிப் பிடிப்பதற்காகவே மணிக்கு அந்த எடையில் 3 முதல் 4 சதவீதம் எரிபொருளை எரிக்கிறது. ஹாங்காங்கில் நிரப்பிய ஒரே ஒரு டன் எரிபொருளை மட்டும் கவனியுங்கள். அதைப் பயணத்தின் கடைசியில்தான் பயன்படுத்தப்போகிறோம். 14 மணி நேரம் அதைச் சுமந்து போவதற்கே ஏறத்தாழ 400 கிலோ எரிந்துவிடும். சிகாகோவை நெருங்கும்போது 600 கிலோதான் மிச்சம். முழுசாக ஒரு டன் கையில் இருக்க வேண்டுமானால் கிளம்பும்போதே 1.6 டன்னுக்கு மேல் நிரப்ப வேண்டும். அதே எரிபொருளை ஆங்கரேஜில் நிரப்பினால் ஐந்து மணி நேரச் சுமைதான், 1.2 டன் போதும். தூரம் கூடக் கூட, எரிபொருளைச் சுமக்க எரிபொருள், அதைச் சுமக்க இன்னும் எரிபொருள் என்று இது வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது.

இப்போது சரக்குப் பக்கம் வருவோம். போயிங் 747-8 சரக்கு விமானம் அதிகபட்சம் 448 டன் எடையோடு மேலெழும்பலாம். விமானத்தின் சொந்த எடை 200 டன்னை ஒட்டி. மீதி 250 டன்னை எரிபொருளும் சரக்கும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கு 10 டன் என்று தோராயமாக வைத்தாலும், நிற்காமல் போக 140 டன் எரிபொருள், அவசரத்துக்குக் கையிருப்பு 10 டன். சரக்குக்கு 100 டன்தான் மிஞ்சும். ஆங்கரேஜில் நின்றால் முதல் கட்டத்துக்கு ஒன்பது மணி நேர எரிபொருள் போதும். விமானம் தாங்கக்கூடிய முழுச் சுமையையும், அதாவது 130 டன்னுக்குமேல், ஏற்றிவிடலாம். இறங்குவதற்குக் கட்டணம் உண்டு, மறுபடி மேலேற எரிபொருள் கொஞ்சம் வீண், நேரமும் போகும். ஆனால் கூடுதலாக 30 டன்னுக்கு வாடகை கிடைக்கிறதே! விமானிகளையும் அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள்.

பயணிகளும் ஒருகாலத்தில் இங்கே இறங்கியவர்கள்தான். 1957 இல் ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்கு விமானம் விட்டது. சோவியத் வான்வெளி மூடிக்கிடந்த காலம் அது. பிறகு அது திறந்தது, விமானங்களும் நீண்ட தூரம் பறக்கக் கற்றன, பயணிகள் விமானங்கள் நிற்பதை விட்டுவிட்டன. 2022 இல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மறுபடி மூடியது. ஆனால் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சின்கியிலிருந்து வட துருவத்தின் மேலாக நிற்காமலே டோக்கியோ போனது. பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 100 கிலோ என்றாலும் 300 பயணிகள் 30 டன்தான். எரிபொருளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. தவிர, இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணி வேறு விமானம் பார்ப்பார். கணினிச் சில்லுப் பெட்டி எதுவும் கேட்காது.

பட்டியலுக்கு வருகிறேன். சர்வதேச விமான நிலையங்கள் கவுன்சில் வெளியிடும் அந்தப் பட்டியலில் ஆங்கரேஜுக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு உண்டு: விமானத்தை விட்டு இறங்காமல் கடந்து போகும் சரக்கும் இதில் அடக்கம். பொதுவாக ஏற்றியதும் இறக்கியதும் மட்டுமே கணக்கு. செய்திகளில் இந்த அடிக்குறிப்பு காணாமல் போய், 'உலகின் மூன்றாவது பெரிய சரக்கு நிலையம்' என்ற தலைப்பு மட்டும் தங்குகிறது. இது எனக்கு உறுத்துகிறது. இம்மாதிரி எண்களைக் காட்டித்தான் எங்கெங்கோ ஓடுபாதைக்கும் கிடங்குக்கும் மக்கள் பணம் கேட்கப்படுகிறது. கடந்து போகும் டன்னுக்குக் கிடங்கு வேண்டாம். விமானம் நிற்க இடமும், எரிபொருளும், பனி அள்ளும் வண்டியும் வேண்டும். கடந்து போகும் சரக்கு, ஏற்றி இறக்கும் சரக்கு இரண்டையும் தனித்தனியாகக் கணக்கெடுத்து எல்லோருக்கும் திறந்து வைக்க அரசுகள் செலவழிக்க வேண்டும். ஒரு முனையம் கட்டும் செலவில் அது தூசு.

இனி விமானங்கள் முன்னேறிவிட்டால் ஆங்கரேஜ் காலியாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. போயிங் அறிவித்திருக்கும் 777-8 சரக்கு விமானம் 112 டன்னோடு சுமார் 8,170 கிலோமீட்டர் போகும். ஏர்பஸ்ஸின் ஏ350 சரக்கு விமானம் 111 டன்னோடு 8,700. எரிபொருள் சிக்கனத்தில் கிடைத்த லாபம் முழுவதையும் தூரத்தில் போடாமல், குறைந்த எரிபொருளில் முழுச் சுமையைத் தூக்குவதற்கே வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹாங்காங்கிலிருந்து ஆங்கரேஜ் 8,100 கிலோமீட்டர், இரண்டுக்கும் எட்டும். முழுச் சுமையோடு நிற்காமல் சிகாகோ இரண்டுக்குமே எட்டாது.