லால்பாக் நடையில் கால் வலிப்பது நிற்கும்போதா, நடக்கும்போதா?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரின் லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்குப் போய், வழிகாட்டியோடு நடந்துவிட்டு, திங்கட்கிழமை காலை கால்வலியோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்வார்கள்: "தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன் மேடம். அங்கே மூணு கிலோமீட்டர்கூட இருக்காது. அதுக்குப் போய் இப்படி வலிக்குதே!"

பெங்களூரில் இருபது வருடத்துக்கும் மேலாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தினசரி நடையும் வழிகாட்டியோடு போகும் நடையும் காலுக்கு ஒன்றல்ல, அவ்வளவுதான். என் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு நானே ஒருமுறை போனபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டரை மணி நேரத்தில் நடந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் நின்றதுதான்.

நிற்காமல் எப்படி இருப்பது? 240 ஏக்கர் தோட்டம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்து, பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்த இடம். உள்ளே நுழைந்ததும் முதலில் பாறை. ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயது. இமயமலையே அதன் முன்னால் பச்சைக் குழந்தை. அதன் உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவின் கோபுரம். 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்து சேர்ந்த கல்மரத் துண்டு. நாம் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று வாங்கிச் சமைக்கிற சௌசௌ இந்த ஊருக்கு வந்ததே, இங்கே பொறுப்பில் இருந்த ஜான் கேமரான் காலத்தில்தான் என்று வழிகாட்டி சொன்னபோது, என் மாமியார் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நல்ல வழிகாட்டி என்றால் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் பேசத்தான் செய்வார். நாமும் வாயைப் பிளந்து, கழுத்தைத் தூக்கி, அசையாமல் நிற்போம்.

அந்த அசையாமல் நிற்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஆடுசதை சுருங்கி, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடும். நின்றால் அந்த வேலை நின்றுவிடும். ரத்தம் கீழேயே தேங்கும், கால் கனக்கும். இடுப்புத் தசைகள் விடாமல் இறுகியே இருக்கும். இது எல்லாருக்கும் உள்ளது. ஒரு நாள் ஓய்வெடுத்தால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இப்படி நின்று நின்று நடக்கும்போது வேறொன்றும் வெளியே வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே மாதத்தில் என்னிடம் வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வயது 67. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சிகரெட்டை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் சொன்னது இது: "அந்தத் தம்பி எப்போ நிப்பார்னு காத்துக்கிட்டே இருந்தேம்மா. நடந்தா கெண்டைக்கால் கிட்டி போட்ட மாதிரி பிடிச்சுக்குது. அவர் நின்னு பேச ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது. அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ளே மறுபடியும் பிடிக்குது."

இன்னொருவர் 63 வயது அம்மா, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். அவருக்கு நேர் எதிர். "எதுக்குத்தான் இந்த மனுஷன் இவ்வளவு நேரம் நிக்கிறாரோன்னு இருந்துச்சு. நிக்க நிக்க, பின்பக்கத்திலேர்ந்து தொடை வழியா ரெண்டு காலும் மரத்துப்போச்சு. ஏரிக்கரைக் கைப்பிடிச் சுவத்துல குனிஞ்சு சாஞ்சப்புறம்தான் உயிர் வந்துச்சு."

இருவரும் ஒரே பாதையில் நடந்தவர்கள். இருவருமே மூட்டுத் தேய்மானம் என்று தாங்களாகவே முடிவுகட்டி, தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள். இருவருக்குமே மூட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலாமவருக்குப் பிரச்சினை ரத்தக் குழாயில். உழைக்கிற தசைக்கு ரத்தம் அதிகம் தேவை. காலுக்குப் போகும் குழாய் கொழுப்புப் படிந்து சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. நடந்தால் தசை பட்டினி கிடந்து வலிக்கும். நின்றாலே போதும், உட்கார வேண்டியதுகூட இல்லை, வலி இறங்கிவிடும். அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, மேல்பாதத்தில் நாடித்துடிப்பு கைக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. ரத்தநாள மருத்துவரிடம் அனுப்பினேன். அங்கே முதலில் செய்வது எளிய சோதனை: கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 1-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 0.9-க்குக் கீழே போனால் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் இறுகிப்போய் இந்த எண் சரியாக இருப்பது போலப் பொய்க்கணக்குக் காட்டலாம். அதனால் அவர்களுக்கு எண் நன்றாக வந்தாலும் வலி இருந்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வரை போய்ப் பார்ப்பது நல்லது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் கால் மட்டுமல்ல. காலில் படிந்த கொழுப்பு இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் படிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கெண்டைக்கால் வலி, மாரடைப்புக்குப் பல மாதங்கள் முன்பே வந்து கதவைத் தட்டுகிற முன்னறிவிப்பாக இருக்கலாம். அதைத் தைலம் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள்.

அந்த ஆசிரியை அம்மாவுக்குப் பிரச்சினை முதுகில். வயதாக ஆக, முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கி வரும் பாதை சிலருக்குக் குறுகிவிடும். நிமிர்ந்து நின்றால் அந்தப் பாதை இன்னும் நெருக்கும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் இவர்களுக்கு வெறுமனே நின்றால் வலி போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிந்து எதிலாவது சாய வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம் நடப்பார்கள், கடன் வாங்க வந்தவர் மாதிரி கவுன்டரில் நிற்கச் சொன்னால் ஐந்து நிமிடம் முடியாது. மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிமிர்ந்து நிற்பது இவர்களுக்கு மிகவும் கஷ்டமான நிலை.

ஆகவே கால் வலி என்று யார் வந்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது, "வழிகாட்டி நின்றபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா, சங்கடமாக இருந்ததா?" என்றுதான். இந்த ஒரு கேள்விக்கான பதிலை மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டும் சேர்ந்தே உள்ளவர்களும் உண்டு, அதனால் நீங்களாகப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். நரம்புச் சுருட்டு (காலில் ரத்தநாளம் புடைத்துச் சுருண்டிருப்பது) உள்ளவர்களுக்கும் நின்றால்தான் கால் கனக்கும், ஆனால் அவர்களுக்கு நாலு அடி நடந்தால் லேசாகிவிடும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, பாதத்தில் புண் ஆறாமல் இருந்தாலோ, விரல் கறுத்தாலோ ரத்தநாள மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தொங்கிப்போவது இவையெல்லாம் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

சரி, நடைக்குப் போகிறவர்களுக்கு வருவோம். போகாதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பாறையில் ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் தேவை. சரிவில் மணல் துகள் உருளும், மழை பெய்திருந்தால் வழுக்கும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இறக்கத்தில்தான் வலி அதிகம். நேரே இறங்காமல் குறுக்காகச் சாய்ந்த பாதையில், சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அந்தப் பெரிய இலவம்பஞ்சு மரம். சுவர் போல எழுந்து நிற்கும் வேர்களைப் பார்த்துப் பிரமித்து, அண்ணாந்தபடியே பின்னால் ஓரடி வைத்துத் தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது நில்லுங்கள், நடக்கும்போது தரையைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். மேலும் கீழும் இரண்டு பவர் உள்ள மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காலடி மங்கலாகத் தெரியும், அவர்கள் தலையையே குனிந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் கிறுகிறுப்பு வரத்தான் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், கழிப்பறை எந்தெந்த இடத்தில் வரும் என்று தொடங்கும்போதே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு வராதீர்கள். புதுச் செருப்பு, புது ஷூ அன்றைக்கு வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது வலித்துத் தெரியாது.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி மலர்க்கண்காட்சி நடக்கும். பெரியவர்களை முதல்முறை அழைத்துவர அந்த நாட்கள் வேண்டாம். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது, நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது.

வங்கிக்காரருக்கு மருத்துவர் மாத்திரையோடு நடையையும் மருந்தாகக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாளாவது, வலி நன்றாகத் தெரியும்வரை நடப்பது, நின்று வலி அடங்கியதும் மறுபடி நடப்பது, ஓய்வையும் சேர்த்து முக்கால் மணி நேரம். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வதால் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும், அவருக்கு நான் கூடவே நடந்தேன். அவர் தூரத்தை ஏரிக்கரை பெஞ்சுகளில் கணக்கு வைத்திருந்தார். ஆரம்பத்தில் இரண்டு பெஞ்சுக்கு ஒருமுறை நின்றவர், மூன்று மாதத்தில் ஏழு பெஞ்சு தாண்டினார்.

ஆசிரியை அம்மாவுக்கு வயிற்றுத் தசையையும் இடுப்பையும் பலப்படுத்தும் பயிற்சிகள், வாரத்தில் பாதி நாட்கள் நடைக்குப் பதில் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். கூடவே ஒரு மடக்கு முக்காலி, ஒரு கிலோ எடைகூட இல்லை. போன மாதம் மறுபடி அதே நடைக்குப் போய்வந்தார். அவர் முக்காலியை விரித்து உட்கார்ந்த பிறகுதான் வழிகாட்டி ஒவ்வொரு மரத்தடியிலும் பேச ஆரம்பித்தாராம்.