இறப்பர்த் தண்ணீர் உரமல்ல

சென்ற வாரம் ஒரு தம்பி ஒரு கையில் சோடாப் போத்தலும் மறு கையில் சிறிய கானுமாக வந்தார். போத்தலில் இருந்தது சோதிக்கக் கொண்டுவந்த தோட்டக் கிணற்றுத் தண்ணீர். கானில் என்ன என்று கேட்டேன்.

"இறப்பர் பாலின் தண்ணீர், சேர். தெற்கிலிருந்து எட்டுப் பரல் வந்தது. இரண்டை வெங்காயத்துக்கு விட்டுவிட்டேன். மரத்திலிருந்து வருவதுதானே?"

இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். 2021இல் இரசாயன உரம் நின்றபோது தொடங்கிய திரவ உரத் தேடல் இன்னும் ஓயவில்லை.

கானைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். நீலப் பாசிச்சாயத் தாளை நனைத்தேன், சிவந்தது. மேசையில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டில் சில துளிகள் விட்டேன், நுரைத்தது. தம்பிக்கு மகிழ்ச்சி: "பார்த்தீர்களா சேர், எங்கள் கல்லே அமிலத்தை முறித்துவிடுகிறது!"

அமிலம் முறியும். மற்றவை எங்கே போகும்?

மரத்திலிருந்து வடிந்தது பால். தொழிற்சாலையிலிருந்து வந்தது வேறு. பால் கெடாமலிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். பல இடங்களில் துத்தநாக ஒட்சைட்டும் சேரும். இயந்திரத்தில் சுழற்றி 60 வீத இறப்பருள்ள கெட்டிப்பாலைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் நீர்த்த பாலில் சுமார் 5 வீத இறப்பர் இருக்கும். அதைத் திரையவைக்கக் கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள். திரைந்ததை அள்ளிய பின் நிற்கும் தெளிநீர்தான் உங்கள் பரலில் இருப்பது. மரம் அமோனியாவும் தரவில்லை, கந்தக அமிலமும் தரவில்லை. 'இயற்கை இறப்பர்' என்ற பெயரில் உள்ள 'இயற்கை' என்ற சொல் இறப்பருக்குத்தான், அதன் கழிவுக்கு அல்ல. இதை எத்தனை தடவை சொல்வது!

அதில் பெறுமதியான பொருள் இருப்பது உண்மை. குவெப்ராக்கிட்டோல் என்றொரு இனிப்புச் சேர்மம் இறப்பர் பாலில் சுமார் 1 வீதம் உண்டு. மருந்துத் தொகுப்புக்கு மூலப்பொருளாகும். புரதத்தை நுண்வடிகட்டி மென்சவ்வால் பிரிக்கலாம். பாலிலுள்ள மக்னீசியத்தை நீக்க அமோனியம் பொஸ்பேற்று இடும்போது படியும் சேறு, துத்தநாகத்தைச் சோதித்துச் சுத்திகரித்தால், மெதுவாகக் கரையும் நல்ல உரம். மிதக்கும் இறப்பரைப் பொறிக்குழியில் பிடிக்கலாம். (இறப்பர்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல, அகலவத்தையில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது.) ஆனால் இவை எல்லாம் பிரித்தெடுத்த பிறகுதான் பெறுமதி. பிரிக்காமல் ஊற்றினால் நீங்கள் செய்வது தொழிற்சாலையின் கழிவகற்றும் வேலை, அதுவும் உங்கள் லொறிச் செலவில்.

அதற்கு யாழ்ப்பாணத்தைவிட மோசமான இடம் கிடையாது. வலிகாமத்தில் செம்மண்ணை வெட்டினால் சிறிது ஆழத்திலேயே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் விட்ட அமோனியா மண்ணில் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கு இறங்கும். உரத்தாலும் மலக்குழிகளாலும் நம் கிணறுகள் பல ஏற்கனவே குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியவை.

கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குளோரினும் உதவாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சோதிக்காத தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள்.

பரலுக்குள் தலையை விட்டு மணந்து பார்க்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் தரும் அந்த வாயு மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நம்பிக் குழிக்குள் இறங்கியவர்கள் ஏறி வந்ததில்லை. பரலை வெயிலில் இறுக்கி மூடியும் வைக்காதீர்கள். விற்க வருபவரிடம் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தையும் பகுப்பாய்வு அறிக்கையையும் கேளுங்கள். பெரும்பாலும் அத்துடன் ஆள் போய்விடுவார்.

மீதி ஆறு பரலையும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பத் தம்பி சம்மதித்திருக்கிறார், லொறிக்காசை நினைத்து முகம் சுருங்கியபடி. மாரி மழை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். கழுவிய போத்தலில். இந்தத் தடவை கொண்டுவந்ததில் பாதி ஒரேஞ்சுச் சோடா.