டிரிப்ளாய்டு – மும்மடியம்

வளர்ப்பு மீன் பற்றிய செய்திகளில் 'டிரிப்ளாய்டு சால்மன்' என்று வந்தால், அதை 'மரபணு மாற்றிய மீன்' என்றே பலரும் தமிழில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என உயிரணுவில் இரண்டு குரோமோசோம் தொகுதிகள் இருப்பது வழக்கம். அது டிப்ளாய்டு. மூன்றாவது தொகுதியும் சேர்ந்தால் டிரிப்ளாய்டு. கிரேக்கத்தில் 'டிப்ளூஸ்' இருமடங்கு, 'டிரிப்ளூஸ்' மும்மடங்கு. ஹாப்ளாய்டு (ஒரே தொகுதி உள்ளது), டிப்ளாய்டு ஆகிய சொற்களை 1905இல் தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் ஆக்கினார். அவற்றின் வழிவந்ததே டிரிப்ளாய்டு.

மீன் முட்டை கருவுற்றதும் தன்னிடம் மிகுதியாக உள்ள ஒரு தொகுதியைத் 'துருவ உடலம்' என்னும் சிறு உயிரணுவாக வெளியே தள்ளும். அதைத் தடுப்பதுதான் நுட்பம். கருவுற்று ஏறத்தாழ அரை மணி நேரம் ஆன சால்மன் முட்டைகளை நீரோடு உலோகக் கலத்தில் அடைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 650 மடங்கு அழுத்தத்தை ஐந்து நிமிடம் தருவார்கள். வெளியேற வேண்டிய தொகுதி உள்ளேயே தங்கிவிடும். ஐரோப்பிய அட்லாண்டிக் சால்மனுக்கு 58 குரோமோசோம்கள். இந்தக் குஞ்சுக்கோ 87. இனச்செல் உருவாகும் நேரத்தில் மூன்று தொகுதிகள் ஒழுங்காக இணைசேர்ந்து பிரிய முடியாது, ஆகவே மலடு. எந்த மரபணுவையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. விதையில்லாத் தர்பூசணியும் மும்மடியம்தான்!

குழப்பத்துக்குக் காரணம் அக்வாஅட்வான்டேஜ் சால்மன். 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த இந்த மீனில் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவையும், அதை ஆண்டு முழுதும் இயக்க ஓஷன் பவுட் மீனின் இயக்கித் துண்டையும் சேர்த்தார்கள். மூன்றாண்டு வளர்ச்சி 16 முதல் 18 மாதங்களில் வந்தது. இது மரபணு மாற்றம். தப்பினாலும் காட்டு மீனோடு கலக்காதிருக்க மும்மடியமாக்கினார்கள், அதுவும் பெண் மீன்களை மட்டும். ஆண் மும்மடியங்கள் மலடாக இருந்தும் இணைதேடி அலையக்கூடும்.

பாடநூல்களில் 'மும்மய' என்றும் காண்கிறோம். 'மயம்' நிறைவைத்தான் சொல்கிறது, அடுக்கைச் சொல்வதில்லை. 'மடி' அடுக்கைச் சொல்லும். இருமடியாகுபெயர், மும்மடியாகுபெயர் என்று நம் இலக்கணத்திலேயே பழகிய சொல். எனவே மும்மடியம், மும்மடிய மீன், மும்மடியாக்கல் என்றே எழுதலாம். 'மலட்டு மீன்' என்பது விளைவைத்தான் குறிக்கும். அயல் மரபணு ஏற்றியதை மட்டும் 'மரபணு மாற்றிய மீன்' என்போம். அக்வாஅட்வான்டேஜைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்து, 'மரபணு மாற்றிய மும்மடிய சால்மன்' என்று எழுதவேண்டும்.