வெள்ளம் வடிந்த பிறகு அத்தனையையும் எங்கே கொட்டுவது?

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வடிந்ததும், சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு வாசலில் சேறேறிய மெத்தைகளும் ஊதிப்போன மரக் கதவுகளும் பள்ளிப் புத்தகங்களும் இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்தன. தண்ணீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் வந்து உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு ஈடாக நம்மிடம் திட்டம் இருந்ததா என்பதே திடக்கழிவுப் பணியில் இருக்கும் என்னை உறுத்தும் கேள்வி.

பேரிடர் என்றதும் எல்லோரும் ஜேசிபி எத்தனை, லாரி எத்தனை என்றுதான் கணக்கிடுகிறார்கள். லாரி எங்கே போய்க் கொட்டும் என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால், சென்னையின் குப்பைக் கிடங்குகள் இருக்கும் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்வர நேரமில்லாத ஓட்டுநர் அருகிலுள்ள பள்ளத்தைத் தேடுவார். நம் ஊரில் பள்ளம் என்பது பெரும்பாலும் ஏரிக்கரை அல்லது கால்வாய் ஓரம். பெருங்குடிக் கிடங்கே, தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்தான் வளர்ந்தது. இந்த வெள்ளத்தின் கழிவைக் கொண்டே அடுத்த வெள்ளத்துக்கு வழி செய்கிறோம்.

ஆகவே தற்காலிகக் கொட்டுமிடங்களைக் கோடையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மேடான, நீர்நிலைக்கும் கிணறுகளுக்கும் விலகிய, லாரி ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியேறக்கூடிய நிலமாக அது இருக்க வேண்டும். பள்ளி மைதானங்களைக் குறித்துவைப்பது பயன்படாது, அந்தப் பள்ளிகளே நிவாரண முகாம்களாகிவிடும். லாரி, மர அறுவை இயந்திரம் ஆகியவற்றின் வாடகையையும் அப்போதே ஒப்பந்தமாக முடித்துவிட்டால், நெருக்கடியில் கேட்ட விலையைக் கொடுக்க நேராது.

பிரிப்பதை வாசலிலேயே தொடங்க வேண்டும். வார்தா புயலில் விழுந்ததைப் போன்ற மரக்கிளைகளைத் துண்டாக்கினால் ஏற்ற வேண்டிய நடைகள் வெகுவாகக் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை இயந்திரத்தால் நொறுக்காமல், நனைத்து, கனத்த பாலித்தீனில் சுற்றித் தனியே அனுப்ப வேண்டும், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். வீட்டுக்காரர் பார்க்காமல் எந்தக் குவியலையும் அள்ளக் கூடாது. ரேஷன் கார்டும் பட்டாவும் கல்யாணப் புகைப்படமும் சேற்றோடு போய்விடுகின்றன. பணியாளருக்குப் பூட்ஸ், கனத்த கையுறை, டெட்டனஸ் ஊசி, எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து ஆகியவற்றை முதல் நாளே தர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்கு முன், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில், நம் வார்டின் வெள்ளக் கழிவுக்கு ஒதுக்கிய இடம் எது என்று புல எண்ணோடு கேளுங்கள்.