பயோபிக்: வரலாறா, கதையா?

பயோபிக்: உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றியோ ஒரு குடும்பத்தைப் பற்றியோ நடிகர்களை வைத்து எடுக்கும் படம். ஆவணப்படம் இதில் சேராது.

பயோகிராஃபிக்கல், பிக்சர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியது இது. கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்றால் வாழ்க்கை, ‘கிராஃப்’ என்றால் எழுத்து. ‘பயோகிராஃபிக்கல் டிராமா’ என்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ‘டிராமா’வும் கிரேக்கம்தான். ‘செய்’ என்ற வினையிலிருந்து பிறந்தது.

தமிழில் ‘வாழ்க்கை வரலாற்றுப் படம்’ என்று எழுதுகிறோம். வரல் + ஆறு, அதாவது வந்த வழி. அழகான சொல். இசைக் குடும்பத்தைப் பற்றிய படத்துக்கு இன்னும் பொருந்தும். வேலூரிலிருந்து பார்த்தால் பாலாற்றுக்கு அக்கரையில், காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த ஆன்மிகச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியாருக்குத் தமிழும் இசையும் வந்த வழி அவருடைய அப்பா மல்லையதாசர்தான். மகன் கதையை எடுக்கப் போனால் அப்பா கதையைத் தொடாமல் முடியாது.

ஆனால் இன்றைக்கு ‘வரலாறு’ என்றதும் நம் மனம் சான்று கேட்கிறது, ஆண்டு கேட்கிறது. படத்தால் அதைத் தர முடிவதில்லை. ஆஸ்திரியாவின் டிராப் பாடகர் குடும்பத்தை வைத்து வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) படத்தையே பாருங்கள். கல்யாணமான கையோடு குடும்பமே மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்புவதாகக் காட்டுவார்கள். நிஜத்தில் கல்யாணம் நடந்தது 1927இல், ஊரைவிட்டுப் போனது 1938இல். போனதும் ரயிலில், இத்தாலிக்கு. சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையை ஏறி இறங்கினால் ஜெர்மனிதான் வரும்! பாட்டே ஆகாதவராகப் படத்தில் வரும் அப்பா, நிஜத்தில் இசைப் பிரியர்.

இதைப் பொய் என்று தள்ளவும் வேண்டியதில்லை. வேலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்தை இங்கே நாடகம் என்றும் சொல்வோம். “இன்னிக்கு என்னா நாடகம்?” “கர்ண மோட்சம்.” நடுவில் கட்டியங்காரன் புகுந்து நம்மூர் மளிகைக்கடைக் கடனை இழுத்துக் கிண்டலடிப்பான். குருட்சேத்திரத்தில் மளிகைக்கடை ஏது என்று யாரும் கேட்பதில்லை; நாடகம் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்.

‘சரித்திரம்’ என்ற பழைய சொல் உண்டு. வடமொழியில் ‘சர்’ என்றால் நட, இயங்கு. கோபாலகிருஷ்ண பாரதி பாடியது நந்தனார் சரித்திரம். உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதி வைத்த பெயர் ‘என் சரித்திரம்’. அப்புறம் அந்தச் சொல் பள்ளிக்கூடப் பாடமாகி, ராஜாக்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ‘சரிதப் படம்’ என்றால் இப்போது பக்திப் படமோ என்று நினைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது ‘வாழ்க்கைக் கதைப் படம்’. வாழ்ந்தவர் உண்மை, சொல்வது கதை என்று இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. இடம் போதாவிட்டால் ‘வாழ்க்கைப் படம்’ என்றாலும் சரி. ‘உண்மைக் கதை’ மட்டும் வேண்டாம், அது விளம்பரக்காரர்கள் சொல்.

எடுத்துக்காட்டு: “டிராப் இசைக் குடும்பத்தின் வாழ்க்கைக் கதைப் படத்தை நேற்று டிவியில் போட்டார்கள்.”