முன்பிரேக்கின் மேல் ஏன் இத்தனை பயம்?

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா முதல் நாளே ஒரு கட்டளை போட்டார்: "முன்பிரேக் பக்கம் விரலே போகக்கூடாது. போனால் தலைகுப்புற விழுவாய்." பல ஆண்டுகள் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி, நகர நெரிசலில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நின்று, ஹேண்டிலைப் பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டே போய், நாலு அடி போனதும் முன்பிரேக்கை அழுத்துங்கள். வண்டியின் முகம் சட்டென்று குனியும். முன் ஷாக் அப்சார்பர் அமுங்குவது கண்ணுக்கே தெரியும். விஷயம் மொத்தமும் அந்தக் குனிதலில்தான் இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியைத் தடுக்கும் விசை, டயர் சாலையைத் தொடும் இடத்தில் செயல்படுகிறது. வண்டி, ஆள் இரண்டின் எடையும் குவியும் மையமோ தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேலே இருக்கிறது. கீழே தடை, மேலே முன்னோக்கிய வேகம்; ஆகவே பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. நிற்கும் வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழப் பாதிப் பாதி சுமக்கின்றன. வறண்ட தார்ச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால், 80 முதல் 85 சதவீதம் வரை முன்சக்கரத்தின் தலையில் விழுகிறது.

டயரின் பிடிப்பு அதன் மேல் இருக்கும் பாரத்தைப் பொறுத்தது. பாரம் குறைந்த பின்சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது தரையைக் கவ்வாது, சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டியை இரண்டு பிரேக்கும் சேர்ந்து சுமார் 14 மீட்டரில் நிறுத்திவிடும். பின்பிரேக் மட்டும் என்றால் 30 மீட்டரைத் தாண்டும். இடையில் ஒரு பஸ்ஸே நிற்கலாம்.

அப்படியானால் மாமா சொன்ன பாதி உண்மை எது? பாரம் முன்னே வந்து சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் லீவரை வெடுக்கென்று இழுத்தால், இன்னும் பாரம் ஏறாத முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பு உண்டு. முன்சக்கரம் சுழல்வதை நிறுத்தினால் திசையும் போய்விடும், சமநிலையும் போய்விடும். கண் இமைப்பதற்குள் தரையில் இருப்போம். ஈரத்துணியைப் பிழிவதுபோல முதலில் மெல்லவும், வண்டி குனிந்ததும் மேலும் அழுத்தியும் பிடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்து திரும்பும்போது இன்னும் கவனம் தேவை. டயரின் பிடிப்பு கைக்காசு போன்றது. திரும்புவதற்குச் செலவழித்தது போக மிச்சம்தான் பிரேக்குக்கு. அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுவது நல்லது.

மாமாவின் பயத்துக்குப் பொறியாளர்கள் கண்ட பதில்தான் ஏபிஎஸ். சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தை ஓர் உணரி கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும், நொடிக்குப் பல முறை. 1988இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வண்டியில் இதைக் கொண்டுவந்தது. ஆனால் சாலையில் இல்லாத பிடிப்பை ஏபிஎஸ்ஸால் உண்டாக்கித் தர முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் விரல் லீவரை அடைந்த பிறகு நடப்பது. அதற்கு முன் கண் பார்த்து, மூளை புரிந்து, கை நகர ஏறத்தாழ ஒரு நொடி போய்விடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்றால் 14 மீட்டர். ஆக, நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். இதே இடத்தில் 60இல் வந்தவரின் கதி என்ன? ஏதோ கொஞ்சம் தள்ளி நிற்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டபோது திடுக்கிட்டேன்: முதலாமவர் நின்றுவிட்ட அதே புள்ளியில், இவர் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்! வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இயக்க ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது என்பதே முக்கியக் காரணம். வேக வரம்புப் பலகையைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இந்த 40ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

முன்னே போகும் வண்டியோடு இரண்டு நொடி இடைவெளி விடச் சொல்வதும் இதனால்தான். அந்த வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அங்கே போய்ச் சேர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். நெரிசலில் அந்த இடைவெளியில் யாராவது நுழைவார், அது நிச்சயம். மீண்டும் பின்தங்கிக்கொள்ளுங்கள், வீடு போய்ச் சேர ஒரு நிமிடம் கூடினால் அதிகம். சந்திப்பை நெருங்கும்போது இரண்டு விரலை லீவர்மேல் வைத்திருந்தால், நொடியில் ஒரு பங்காவது மிச்சமாகும்.

மழையில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அதிலும் நீண்ட வெயிலுக்குப் பிறகு தூறும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழவழப்பாகிவிடும். வெள்ளைக் கோடுகள் மேலும், சாக்கடையின் இரும்பு மூடிகள் மேலும் போகும்போது பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். இடைவெளியை நான்கு நொடியாக்குங்கள்.

அண்மையில் மாமாவின் பழைய வண்டியைப் பழுதுபார்க்கப் பிரித்தார்கள். பின்பிரேக் ஷூ காகிதம்போல் தேய்ந்துபோயிருந்தது. முன்பிரேக் ஷூவில் தேய்மானமே இல்லை. "இது எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார் மெக்கானிக். மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.