ஹெச்ஹெச்ஓன்னா என்ன? தமிழ்ல அதுக்கு என்ன பேரு வைக்கலாம்?

தண்ணியில இருந்து கேஸ் எடுத்து காருக்கு மைலேஜ் ஏத்துறேன்னு சொல்ற எந்த வீடியோவ பாத்தாலும் அதுல ஒரு சொல்லு கண்டிப்பா வரும், ஹெச்ஹெச்ஓ. ஹெச்ஹெச்ஓ கிட், ஹெச்ஹெச்ஓ செல், ஹெச்ஹெச்ஓ ஜெனரேட்டர்னு. இந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படி சொல்லணும்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க, அதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா இங்க பேரே ஆள பாதி ஏமாத்திடுது.

மொதல்ல அது என்ன பொருள்னு பாத்துடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள வரிசையா அடுக்கி, நடுவுல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணிய விட்டு, பேட்டரி கரண்ட்ட குடுத்தா தண்ணி பிரிஞ்சு ரெண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் குமிழி குமிழியா வரும். ரெண்டையும் தனித்தனியா பிடிக்காம ஒரே குழாய்ல எடுத்து, பப்ளர்னு சொல்ற ஒரு தண்ணி டப்பா வழியா விட்டு, எஞ்சினுக்குள்ள காத்து போற வழியான இன்டேக்குல சொருகிடுவாங்க. அந்தக் குழாய்க்குள்ள போறதுதான் ஹெச்ஹெச்ஓ.

அதாவது அது ஒரு கலவை. ஆனா ஹெச்ஹெச்ஓன்னு எழுதுனா என்னமோ ஒரே மூலக்கூறு மாதிரி தெரியுது, ஹெச்டூஓவ மாத்தி எழுதுன புது வகை தண்ணி மாதிரி. 2006ல ருஜெரோ சாண்டில்லின்னு ஒருத்தர் இது தண்ணியோட புது வாயு வடிவம்னே இந்தப் பேருல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுனாரு, வேதியியல்காரங்க அத ஏத்துக்கல, ஆனா பேரு மட்டும் கிட் விக்கிறவங்க கைக்கு வந்துடுச்சு. 2008ல கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலர் தொட்டப்போ அமெரிக்காவுல கேரேஜ் கேரேஜா கண்ணாடி ஜார்ல இத செஞ்சு காருல மாட்டிக்கிட்டு இருந்தாங்க.

அதுக்கு முன்னாடி இதுக்கு பிரவுன் கேஸ்னு பேரு. பல்கேரியாவுல பிறந்து ஆஸ்திரேலியாவுல குடியேறுன யுல் பிரவுன் 1970கள்ல இந்தக் கலவைய வெல்டிங்குக்கு பேட்டன்ட் பண்ணாரு, அதனால அந்தப் பேரு. கவனிங்க, வெல்டிங்குக்கு. அந்த வேலைக்கு இது நல்ல கேஸ்தான், சுடர் கிட்டத்தட்ட 2,800 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். 19ஆம் நூற்றாண்டுல இதே சுடர சுண்ணாம்புக் கட்டி மேல காட்டி நாடக மேடைக்கு வெளிச்சம் போட்டாங்க, அதுதான் லைம்லைட். அந்த லைம் எலுமிச்சை இல்ல, சுண்ணாம்பு. இன்னிக்கும் ஒரு நடிகர் பிரபலமா இருந்தா லைம்லைட்ல இருக்காருன்னு சொல்றோமே அது இந்த கேஸ் குடுத்த சொல்லுதான்.

இப்ப ஹைட்ரஜனுக்கு வருவோம். 1766ல இங்கிலாந்து விஞ்ஞானி கேவண்டிஷ் இத தனியா ஆராய்ஞ்சப்போ எரியும் காத்துன்னுதான் சொன்னாரு. 1780கள்ல லவாய்சியேங்கற பிரெஞ்சு வேதியியல்காரர் இந்தக் காத்து எரிஞ்சா தண்ணி வருதுன்னு காட்டுனாரு, 1787ல அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து புதுப் பேரு வச்சாங்க: கிரேக்கத்துல ஹூடோர்னா தண்ணி, ஜென்னா பிறப்பிக்கிறது. தண்ணிய பிறப்பிக்கிறது, அதாவது எரிச்சா தண்ணி தர்றது. இலங்கைப் பாடநூல்ல இதையே ஒலிபெயர்த்து ஐதரசன்னு எழுதுவாங்க, ஆக்சிஜன் அங்க ஒட்சிசன். தமிழ்நாட்டுப் பாடநூல்ல ஹைட்ரஜன்தான். தனித்தமிழ்ல நீரகம், நீரியம், நீர்வளின்னு எல்லாம் சொல்றாங்க.

நீரகம் எனக்குப் பிடிச்ச சொல்லுதான், ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். லவாய்சியே வச்ச பேரு எரிஞ்ச பின்னாடி என்ன வரும்னு சொல்லுது, நீரகம்ங்கற பேரு அது எங்க இருக்குன்னு சொல்லுது, நீருக்கு அகத்துல. அப்ப கேக்கறவன் மனசுல என்ன ஓடும், தண்ணிக்குள்ள எரிபொருள் ஒளிஞ்சிருக்கு, எடுத்தா போதும்னு. உண்மை அப்படியே நேர் எதிரு. தண்ணிங்கறது ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல். விறகு சாம்பல திரும்ப விறகாக்கணும்னா எவ்வளவு பாடுபடணுமோ அந்தப் பாடுதான் தண்ணிய பிரிக்கறதுக்கும். (ஆக்சிஜனுக்கு மட்டும் தமிழ்ப் பேருதான் சரி. அமிலத்த பிறப்பிக்கிறதுன்னு கிரேக்கத்துல வச்சது தப்பாப் போச்சு, எல்லா அமிலத்துலயும் ஆக்சிஜன் இல்ல. உயிர்வளிங்கறது எப்பவும் பொருந்தும்.)

தண்ணிய கரண்ட் விட்டு பிரிக்கிறதுக்கு தமிழ்ல மின்னாற்பகுப்பு. 1800ல வோல்டா பேட்டரி செஞ்சத கேள்விப்பட்ட உடனே நிக்கல்சனும் கார்லைலும் லண்டன்ல அத வச்சு தண்ணிய பிரிச்சாங்க, எலக்ட்ராலிசிஸ்ங்கற சொல்ல ஃபாரடே 1834ல கொண்டுவந்தாரு, லைசிஸ்னா கட்டவிழ்க்கறது. மின்னாற்பகுப்புங்கறது அதவிட தெளிவு, ஏன்னா மின்சாரத்தால பகுக்கிறதுன்னு சொல்லு உள்ளயே செலவு யாருதுன்னு இருக்கு. கார்ல அந்த மின்சாரம் எங்கிருந்து வருது? ஆல்டர்னேட்டர்ல இருந்து. ஆல்டர்னேட்டர யாரு சுத்துறா? எஞ்சின். எஞ்சின் எதுல ஓடுது? பெட்ரோல்ல.

கணக்கு போட்டே பாத்துடலாம், இது கிட் வாங்க நினைக்கிறவங்களுக்காக. நிமிஷத்துக்கு 1 லிட்டர் கேஸ் தர்ற கிட், 6 செல் (ரெண்டு தகடும் நடுவுல தண்ணியும் சேர்ந்தது ஒரு செல்) தொடர்ல இருந்தா ஒரு 15 ஆம்பியர் இழுக்கும், சுமார் 200 வாட். ஒரு மணி நேரம் ஓடுனா அதுல வர்ற ஹைட்ரஜன் 3 கிராம் சொச்சம், அதோட வெப்பம் கிட்டத்தட்ட 12 மில்லி பெட்ரோலுக்கு சமம். அந்தக் கரண்ட்ட உண்டாக்க எஞ்சின் எரிக்கிற பெட்ரோல், எஞ்சினோட நஷ்டமும் ஆல்டர்னேட்டரோட நஷ்டமும் சேர்த்தா, 150 மில்லிக்கு மேல. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கிற கார் 60 வேகத்துல ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர் குடிக்குது, அதுல இந்த 12 மில்லி எங்க போய் நிக்கும்.

சரி, கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தா பெட்ரோல் நல்லா எரியும்ல, அப்படின்னு அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நாசாவோட லூயிஸ் ஆராய்ச்சி மையம் 1977ல இத சோதிச்சு அறிக்கை போட்டுச்சு, ஹைட்ரஜன் சேர்த்தா பெட்ரோல் குறைஞ்ச லீன் கலவையிலயும் எஞ்சின் திக்காம ஓடுது, உண்மைதான். ஆனா அங்க போன ஹைட்ரஜன் மணிக்கு நூத்துக்கணக்கான கிராம், நம்ம ஜார் தர்றது 3 கிராம். அப்புறம் சில பேருக்கு மைலேஜ் கூடுன மாதிரி ஏன் தெரியுதுன்னா, கிட்டு கூடவே, காரோட ஆக்சிஜன் சென்சார் சிக்னல மாத்துற ஒரு சின்ன பெட்டியும் மாட்டுவாங்க, அது ஈசியூவ, அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர, நம்ப வச்சு பெட்ரோல குறைக்குது, அதுல மிச்சமாகுறது லீனா ஓட்டுறதால, கேஸால இல்ல. அளவு மீறி லீனா ஓட்டுனா எஞ்சின் சூடாகி வால்வு கருகும்.

நம்மூர்ல 1996ல, தண்ணியில மூலிகை போட்டு பெட்ரோல் எடுக்கிறேன்னு சொன்ன ராமர் பிள்ளையோட மூலிகை பெட்ரோல் பேச்சு ஓடுனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே 1996லதான் அமெரிக்காவுல, தண்ணியில ஓடுற கார்னு சொன்ன ஸ்டான்லி மேயர் மேல ஒஹையோ நீதிமன்றம் அது மோசடின்னு தீர்ப்பு சொல்லி, பணம் போட்ட ரெண்டு பேருக்கு 25,000 டாலர திருப்பிக் குடுக்கச் சொல்லுச்சு.

சோதனையா செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படுற பசங்கள நான் தடுக்கமாட்டேன், மின்னாற்பகுப்ப கையால செஞ்சு பாக்கறது அருமையான பாடம். ஆனா உப்பு போடாதீங்க, குளோரின் வரும். உப்போ சமையல் சோடாவோ போட்டா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல இருந்து விஷமான குரோமியமும் தண்ணியில கலக்கும். கேஸ எதுலயும் சேர்த்து வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 சதவீதம் வரைக்கும் பத்திக்கும், இங்க ஆக்சிஜனும் சரியான விகிதத்துல கூடவே நிக்குது, கண்ணுக்குத் தெரியாத பொறி போதும் ஜார் சிதறும்.

அதனாலதான் எனக்கு ஜெர்மன்காரங்க பேரு பிடிக்குது. அவங்க இந்தக் கலவைய க்னால்காஸ்னு சொல்றாங்க, க்னால்னா டமார்னு வெடிக்கிற சத்தம். தமிழ்ல இதுக்கு வெடிவளின்னு வைக்கலாம்னு நான் சொல்றேன். பாடநூல்ல எழுதணும்னா நீரக-உயிர்வளிக் கலவை, பேச்சுல வெடிவளி. ஸ்கூல் லேப்ல எரியுற குச்சிய ஹைட்ரஜன் டியூப் வாயில காட்டுனா பாப்புனு ஒரு சத்தம் வருமே, அது காத்துல இருக்கற ஆக்சிஜன் கொஞ்சம் கலந்ததால வர்ற சத்தம், சுத்த ஹைட்ரஜன்னா சத்தமில்லாம நீல நிறத்துல எரிஞ்சு போயிடும்.